ஒருக்களித்துப் படுப்பவர்கள் தலையணை வாங்கும் முன்

ஒரு தோளைச் சுவரில் ஒட்டி, தலை சாயாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். தலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை யாரையாவது ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய தலையணை உயரம் கிட்டத்தட்ட அதுதான்.

ஒருக்களித்துப் படுக்கும்போது தோளின் அகலத்தால் தலைக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியைத் தலையணை நிரப்பினால் கழுத்து முதுகெலும்போடு நேர்கோட்டில் இருக்கும், காலையில் கழுத்துப் பிடிப்பு வராது. தலை வைத்து அமுங்கிய பின் நிற்கும் உயரம்தான் கணக்கு. ஊரிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்த பழைய இலவம்பஞ்சுத் தலையணை பார்க்கப் பெரிதாக இருக்கும், படுத்தால் பாதியாகிவிடும். அதைத் தூக்கிப்போட வேண்டாம், பஞ்சு சேர்த்துத் தைத்தாலே போதும். மெமரி ஃபோம் (உடல் சூட்டில் இளகி, தலையின் வடிவத்துக்கு அமுங்கும் நுரை) என்றால் கடையிலேயே படுத்துப் பாருங்கள். இங்கே டிசம்பர் குளிரில் அது கொஞ்சம் இறுகும், அதையும் மனதில் வையுங்கள்.

மெத்தை மிருதுவாக இருந்தால் தோள் உள்ளே புதையும். அப்போது அளவைச் சற்றுக் குறைக்கணும். மல்லாந்தோ குப்புறவோ படுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது, அவர்களுக்குத் தாழ்வான தலையணைதான் நல்லது. கை மரத்துப்போவது தொடர்ந்தால் தலையணையை மாற்றிக்கொண்டே இருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.