தேவ சித்தம் கேட்கிறோம் என்று சொல்லி நாம் செய்யும் தவறுகள்

"ஜெபிச்சிட்டோம், மனசுல சமாதானம் இருக்கு, முடிவு பண்ணிட்டோம்." சேலத்தில் எந்தச் சபைக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். வேலை மாற்றமோ, மகள் கல்யாணமோ, ஏற்காட்டில் ஒரு மனையோ, எதுவானாலும் தேவ சித்தத்தை, அதாவது கடவுளின் விருப்பத்தை, அறிந்த விதமாக இதே வரிசைதான் சொல்வார்கள். பல வீடுகளில் நடப்பது தலைகீழ். முடிவு முன்னால் போய்விடும், ஜெபம் பின்னால் ஓடிவரும்.

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. எரேமியா 42-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் பாபிலோனிடம் விழுந்தபின் மிஞ்சிய ஜனங்கள் தீர்க்கதரிசி எரேமியாவிடம் வந்து, கர்த்தர் என்ன சொன்னாலும், அது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், கீழ்ப்படிவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். பத்து நாள் கழித்து பதில் வருகிறது: எகிப்துக்குப் போகாதீர்கள், இங்கேயே இருங்கள். கேட்டவுடனே, நீ பொய் சொல்கிறாய் என்று அவர்மேலேயே பாய்கிறார்கள். காரணம் முந்தின அதிகாரத்திலேயே இருக்கிறது. எகிப்துக்கென்று கிளம்பி, பெத்லகேம் பக்கம் வந்து தங்கிய பிறகுதான் இந்தக் கேள்வியையே கேட்டார்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு "சித்தமானால் நடக்கட்டும்" என்று ஜெபக் குறிப்பு கொடுப்பதும் இதே கதைதான். பதில் "வேண்டாம்" என்று வந்தால் கேட்பேனா? இதற்கு நேர்மையாகத் தலையாட்ட முடியாதவரை, கேட்பதில் பயனில்லை.

அடுத்தது அடையாளம் கேட்பது. "ஏற்காடு எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆனால் சென்னை வேலை கர்த்தருடைய சித்தம்" என்கிற ரகம். (டிக்கெட்டை எத்தனை பேர் ரத்து செய்கிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் அது.) உடனே, களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று தேவனிடம் அடையாளம் கேட்ட கிதியோனைத் துணைக்கு இழுப்பார்கள். ஆனால் நியாயாதிபதிகள் 6-இல், அந்தத் தோலைப் போடுவதற்கு முன்பே, இஸ்ரவேலை இரட்சிக்கப் போ என்று கிதியோனுக்குக் கட்டளை வந்தாயிற்று. "நீர் சொன்னபடி" என்று அவனே ஒப்புக்கொள்கிறான். தெரியாததை அறிய அவன் தோலைப் போடவில்லை. தெரிந்ததை நம்ப முடியாமல் தவித்தான், தேவன் அவன்மேல் பொறுமையாக இருந்தார். அதை நமக்கு ஒரு வழிமுறையாக எடுத்துக்கொள்ள வேதம் எங்கும் சொல்லவில்லை.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை (வேத வசனம் அச்சிட்ட அட்டையை) வைத்து வீட்டுக் கடனை முடிவு செய்வதும் இதன் தம்பிகள். எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது, நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் வசனம். அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனமே, 70 வருஷம் முடியட்டும் என்கிறது. ஆறுதலுக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள், இ.எம்.ஐ. கணக்குக்கு வேண்டாம்.

சமாதானம் இருக்கிறதே என்பீர்கள். யோனாவுக்கும் இருந்தது. தேவனை விட்டு ஓடுகிறவன், புயலடிக்கும் கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். கெத்செமனேயில் பிதாவின் சித்தத்துக்கு முழுமையாகக் கீழ்ப்படிந்த இயேசுவோ, "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார். யோனா யோப்பா துறைமுகத்துக்குப் போன நேரத்தில் தர்ஷீசுக்குக் கப்பலும் தயாராக நின்றது. "கதவு திறந்திருக்கு" என்று சாட்சி சொல்ல அவனுக்கும் விஷயம் இருந்திருக்கும்.

தியானத்துக்கென்று ஏற்காடு மலையேறுவது நல்ல பழக்கம். கடைசி நாள் ஜெபத்தில் கண்ணீரோடு வேலையை ராஜினாமா செய்வதாகத் தேவனிடம் பொருத்தனை (நேர்த்திக்கடன்) பண்ணிவிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குவதுதான் ஆபத்து. எதிர்ப்பக்கமும் உண்டு: மனம் வறண்டு சோர்ந்திருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்றார், இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கப் புனிதர் இஞ்ஞாசியார். சி.எஸ்.ஐ.காரர்களும் பெந்தெகொஸ்தேகாரர்களும் இதைக் கத்தோலிக்கரிடமிருந்து தாராளமாகக் கடன் வாங்கலாம்.

யாராவது "கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" என்று சொன்னதை அப்படியே நம்பிவிடுவதைப் பற்றி நீட்ட வேண்டாம். 1 இராஜாக்கள் 13-இல் கிழவனான தீர்க்கதரிசி சொன்ன பொய்யை நம்பிய தேவனுடைய மனுஷன் சிங்கம் அடித்துச் செத்தான். வாசித்துக்கொள்ளுங்கள்.

மனை விஷயத்துக்கு வருவோம். மலைமேல் இடம் வாங்கத் துடிக்கிறவர்கள் உபவாசம் இருப்பார்கள், வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க மாட்டார்கள். ஏற்காடு வட்டம் மலையிடப் பாதுகாப்புப் பகுதி, அங்கே வீடு கட்டத் தனி அனுமதி வேண்டும். இதை விசாரிப்பது அவிசுவாசம் ஆகாது. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடம் கேட்கட்டும் என்கிறார் யாக்கோபு. கேட்கச் சொன்னது ஞானத்தை. பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்க்கத் தோன்றுவதும் அந்த ஞானத்தில் சேர்த்திதான்.

கல்யாணத்தில் வேறு ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது: தேவன் ஒரே ஒருவரைக் குறித்து ஒளித்துவைத்திருக்கிறார், தவறவிட்டால் வாழ்க்கை போயிற்று என்று. பவுல் விதவைகளுக்கு எழுதும்போது, தனக்கு விருப்பமானவரை மணந்துகொள்ளலாம், கர்த்தருக்குட்பட்டவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்கிறார் (1 கொரிந்தியர் 7:39). வேலி ஒன்றுதான், அதற்குள் தெரிந்துகொள்ளும் சுதந்திரம் நம்முடையது. அஸ்தம்பட்டியிலிருந்து சூரமங்கலம்வரை உள்ள ஜெபக் குழுக்களில் எல்லாம் குறிப்பு கொடுத்துவிட்டு, பெண்ணிடம் மட்டும் அவள் விருப்பத்தைக் கேட்காத வீடுகள் இருக்கின்றன. அடுத்த குறிப்பு கொடுக்கும் முன், அவளை உட்காரவைத்துக் கேளுங்கள்.