எழுத்தாளர் வாழ்க்கையையும் வரலாறையும் ஒரே ஷீட்ல போடுறது எப்படி? ஸ்டைன்பெக்கை வச்சு ஒரு செய்முறை

எழுத்தாளர் டைம்லைன்னு தேடினா பெரும்பாலும் ரெண்டே நெடுவரிசைதான் கிடைக்கும். இந்தப் பக்கம் பொறந்தார், கல்யாணம் பண்ணினார், விருது வாங்கினார். அந்தப் பக்கம் உலகப்போர், பொருளாதார வீழ்ச்சி, கென்னடி கொலை. ரெண்டும் பக்கத்து பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி இருக்கும், ஆனா பேச்சுவார்த்தை கிடையாது. நாம போடப்போற ஷீட்ல ரெண்டும் பேசணும், அதுக்கு என்ன பண்ணணும்னு படிப்படியா பார்ப்போம், உதாரணத்துக்கு அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கை எடுத்துக்கலாம்.

ஸ்டெப் 1: ஆளைத் தேர்ந்தெடுங்க

முதல் தடவை பண்றவங்க கடிதம், டைரி எல்லாம் மிஞ்சி இருக்கிற எழுத்தாளரா பாருங்க. ஸ்டைன்பெக் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'ங்கிற பெரிய நாவலை எழுதும்போது பக்கத்துலயே ஒரு டைரியும் எழுதிட்டு வந்தார், அது பின்னாடி புத்தகமாவும் வந்திருக்கு, அதனால எந்த மாசம் எதை எழுதினார்னு ஊகிக்க வேண்டிய வேலையே இல்ல. பொறந்தது 1902 பிப்ரவரி 27, கலிஃபோர்னியாவுல சாலினாஸ்ங்கிற ஊர். இறந்தது 1968 டிசம்பர் 20, நியூயார்க்ல. அந்த 66 வருஷத்துக்குள்ள ரெண்டு உலகப்போர், பெருமந்தம் (1930கள்ல வந்த பொருளாதார வீழ்ச்சி), பனிப்போர், வியட்நாம் எல்லாமே வந்துடும்.

ஸ்டெப் 2: நெடுவரிசைகள்

கூகுள் ஷீட்ஸ், எக்ஸெல், பெரிய நோட்டு எதுவா இருந்தாலும் சரி. இந்த எட்டும் வேணும்: வருஷம், வயசு, எந்த ஊர்ல இருந்தார், என்ன பண்ணிட்டு இருந்தார், வெளியில என்ன நடந்துச்சு, எழுதினது எப்போ, வெளிவந்தது எப்போ, கதை எந்த வருஷத்துல நடக்குது.

கடைசி மூணையும் தனித்தனியா வைக்கிறதுதான் இந்த முறையோட உயிர். நிறைய பேர் மூணையும் சேர்த்து வெளிவந்த வருஷத்தை மட்டும் போட்டுடுவாங்க, அப்புறம் நாவலுக்கும் வரலாறுக்கும் தப்பான இடத்துல முடிச்சு போடுவாங்க.

வயசை கையால டைப் பண்ணாதீங்க, வருஷத்துல இருந்து 1902-ஐ கழிக்கிற ஃபார்முலா ஒன்னு போட்டு கீழ வரைக்கும் இழுத்து விட்டா போதும் (பிறந்தநாளுக்கு முன்னாடி நடந்ததுன்னா ஒரு வயசு கூட காட்டும், ஸ்டைன்பெக்குக்கு பிப்ரவரிலயே பிறந்தநாள்ங்கிறதால பெருசா பிரச்சனை இல்ல). இன்னொன்னு, எக்ஸெல் 1900-க்கு முந்தின தேதியை தேதியாவே எடுத்துக்காது, அதனால பழைய எழுத்தாளர்னா வருஷத்தை வெறும் நம்பரா போட்டுட்டு மாசத்தை பக்கத்துல தனியா எழுதிக்குங்க.

ஸ்டெப் 3: முதல்ல எலும்புக்கூடு

சந்தேகமே இல்லாத விஷயங்களை மட்டும் நிரப்புங்க. 1919-ல ஸ்டான்ஃபோர்ட்ல சேர்றார், 1925-ல டிகிரி வாங்காமலே வெளிய வர்றார், அதே வருஷம் நியூயார்க் போய் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கட்டுமான வேலையில கூலியாளா இருந்துட்டு பத்திரிகை வேலையும் பார்த்து, ஒன்னும் சரிப்படாம ஊர் திரும்புறார். 1930-ல கேரல் ஹென்னிங்கோட கல்யாணம், அதே வருஷம் கடல் உயிரியல் ஆய்வாளர் எட் ரிக்கெட்ஸோட நட்பு. 1943-லயும் 1950-லயும் அடுத்த ரெண்டு கல்யாணம். 1962 நோபல்.

வயசு நெடுவரிசை இங்கயே வேலை செய்ய ஆரம்பிச்சிடும். முதல் உலகப்போர் 1918 நவம்பர்ல முடியுது, அப்போ இவருக்கு 16 வயசு, ஸ்கூல் பையன். ஹெமிங்வே 1899-ல பொறந்தவர், அதே 1918-ல இத்தாலியில ஆம்புலன்ஸ் ஓட்டப் போய் காயம்பட்டார். மூணே வருஷ வித்தியாசம்தான், ஒருத்தருக்கு போர் உடம்புல பட்டது, இன்னொருத்தருக்கு பேப்பர் செய்தி.

ஸ்டெப் 4: வரலாறை வடிகட்டுங்க

எல்லா நிகழ்ச்சியையும் கொண்டுவந்து கொட்டினா அது பொது அறிவு கைடு ஆயிடும். நான் பார்க்கிறது மூணுதான்: அது அவர் கையில இருந்த காசைத் தொட்டுச்சா, அவர் இருந்த ஊரைத் தொட்டுச்சா, அவர் எழுத உட்கார்ந்த விஷயத்தைத் தொட்டுச்சா. எதையும் தொடலைன்னா வெட்டிடுங்க.

1929-ஐ எடுத்துக்குங்க. அவரோட முதல் நாவல் ஆகஸ்ட்ல வருது, 17-ம் நூற்றாண்டு கடற்கொள்ளையன் ஹென்றி மார்கனைப் பத்தின கதை. ரெண்டே மாசத்துல, அக்டோபர்ல, நியூயார்க் பங்குச்சந்தை சரியுது. நாவலோட விஷயத்துக்கும் சரிவுக்கும் ஒட்டே கிடையாது, ஆனா காசு விஷயத்துல உண்டு. அடுத்த சில வருஷம் புருஷனும் பொண்டாட்டியும் கலிஃபோர்னியாவுல பசிஃபிக் குரோவ்ங்கிற ஊர்ல ஸ்டைன்பெக் அப்பாவோட சின்ன வீட்டுல குடியிருந்து அவர் கொடுத்த பணத்துலதான் ஓட்டினாங்க. அதனால இந்த ரோ ஷீட்ல இருக்கலாம்.

ஸ்டெப் 5: முக்கியமான இடத்துல மாசக்கணக்குக்கு இறங்குங்க

எல்லா வருஷத்துக்கும் ஒரே அளவு இடம் கொடுக்காதீங்க. ஸ்டைன்பெக்குக்கு 1935-ல இருந்து 1939 வரைக்கும்தான் பூதக்கண்ணாடி வைக்க வேண்டிய இடம், அங்க மட்டும் வருஷத்துக்கு ஒரு ரோ பத்தாது.

1935 ஏப்ரல் 14: அமெரிக்காவோட நடுவுல இருக்கிற சமவெளி மாநிலங்கள்ல பெரிய புழுதிப்புயல், 'கருப்பு ஞாயிறு'ன்னு பேர். அன்னிக்கு ஸ்டைன்பெக் எங்க? கலிஃபோர்னியாவுல. மே மாசம் வெளிவர்ற அவரோட புத்தகம் 'டார்ட்டியா ஃபிளாட்' மான்டரே ஊர் குடிகாரக் கூட்டாளிகளைப் பத்தின நகைச்சுவை நாவல், அதுதான் அவருக்கு முதல்முதலா காசு கொண்டுவந்துச்சு. புழுதி இன்னும் அவர் பக்கம் வந்து சேரல.

1936 ஜனவரி: பழம் பறிக்கிற கூலிகளோட ஸ்ட்ரைக் பத்தின நாவல் வருது. ஆகஸ்ட்: 'சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ்' பத்திரிகைக்காக, வறட்சி, புழுதின்னு சமவெளிப் பக்கத்துல இருந்து பிழைப்புத் தேடி கலிஃபோர்னியாவுக்கு ஊர்விட்டு வந்த குடும்பங்கள் தங்கியிருந்த முகாம்களைப் பார்க்கப் போறார், ஆர்வின் அரசாங்க முகாமோட மேனேஜர் டாம் காலின்ஸ் பழக்கமாகுறார். செப்டம்பர்: சொந்த ஊர் சாலினாஸ்லயே லெட்யூஸ் கீரைத் தொழிலாளர் ஸ்ட்ரைக், பெரிய அடிதடி. அக்டோபர்: முகாம்ல பார்த்ததெல்லாம் ஏழு கட்டுரையா வருது.

1938 பிப்ரவரி: வைசேலியா பக்கம் வெள்ளம், தண்ணியில தவிச்ச குடும்பங்களை நேர்ல போய் பார்க்குறார். அந்தக் கோவத்துல சாலினாஸ் பெரிய மனுஷங்களைக் கிண்டல் பண்ணி ஒரு நாவல் எழுதி, இது சரியில்லன்னு மே மாசம் தானே அழிச்சுடுறார் (இந்த மாதிரி அழிச்சதுக்கும் ஒரு ரோ கட்டாயம் போடுங்க, வெளிவந்ததை மட்டும் எண்ணினா இது தெரியவே தெரியாது). மே கடைசியில புதுசா ஆரம்பிச்சு அக்டோபர் கடைசியில முடிக்கிறார், அஞ்சு மாசம்தான். அதுதான் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்', ஓக்லஹோமாவுல நிலத்தை விட்டு கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்க வர்ற ஒரு குடும்பத்தோட கதை, தலைப்பு கேரல் சொன்னது. வெளிவந்தது 1939 ஏப்ரல் 14.

கவனிச்சீங்களா, கருப்பு ஞாயிறு அன்னிக்கு சரியா நாலு வருஷம். டைம்லைன் போடுறவங்களை மயக்குற இடம் இது. உடனே ரெண்டுக்கும் நடுவுல அம்புக்குறி போடத் தோணும், போடாதீங்க, வெறும் தற்செயல். அம்பு போட வேண்டியது 1936 ஆகஸ்ட்ல இருந்தும் 1938 பிப்ரவரில இருந்தும்தான், ஏன்னா அங்கதான் அவர் கண்ணால பார்த்தார்.

அப்புறம் 1939 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியாவுல கெர்ன் கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) நிர்வாகம் நாவலை தங்களோட லைப்ரரி, பள்ளிக்கூடங்கள்ல தடை பண்ணுது. கதையில முகாம் வர்றதே அந்த கவுன்ட்டியிலதான். நாடு பூரா அந்த வருஷம் அதிகமா வித்த நாவலும் அதுவேதான்.

ஸ்டெப் 6: ஊர் பேரை மேப்ல வச்சுப் பாருங்க

நாவல்ல வர்ற ஜோட் குடும்பம் ஓக்லஹோமாவுல சாலிசாங்கிற ஊர் பக்கம். மேப்ல தேடினா மாநிலத்தோட கிழக்கு ஓரத்துல இருக்கும், புழுதிப்புயல் மோசமா அடிச்ச இடமோ மேற்குக் கோடி. அப்ப அந்த மாதிரி குத்தகைக் குடும்பங்கள் ஏன் கிளம்பினாங்க? வறட்சி உண்டு, கூடவே பருத்தி விலை விழுந்தது, டிராக்டர் வந்தது, அப்புறம் 1933 விவசாயச் சட்டம். சாகுபடி பரப்பைக் குறைச்சா அரசாங்கம் பணம் கொடுக்கும்னு வந்ததும் நிறைய நிலக்காரங்க குத்தகைக்காரங்களை வெளியேத்திட்டாங்க. அதனால 'வெளியில என்ன நடந்துச்சு' நெடுவரிசையில வெறும் 'புழுதிப்புயல்'னு எழுதினா பாதிதான் எழுதினதா அர்த்தம், 1933-க்கு தனி ரோ வேணும்.

ஸ்டெப் 7: கதை நடக்கிற வருஷம்

இது நிரப்ப ஈஸி, பலன் ஜாஸ்தி. 1943-ல 'நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன்' போர் நிருபரா இங்கிலாந்து, வட ஆப்பிரிக்கா, இத்தாலின்னு சுத்திட்டு வர்றார். 1945 ஜனவரில வந்த 'கேனரி ரோ'ல போரைத் தேடினா கிடைக்காது, கதை பெருமந்த வருஷங்கள்ல மான்டரேல நடக்குது, நடுவுல இருக்கிற டாக் பாத்திரம் ரிக்கெட்ஸ்தான். போரைப் பார்த்துட்டு வந்தவர் போர் இல்லாத ஊரைப் பத்தி எழுதியிருக்கார். வெளிவந்த வருஷத்தை மட்டும் போட்டா இந்த இடைவெளி கண்ணுலயே படாது. 1952-ல வந்த 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' இன்னும் பின்னாடி போகும், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல இருந்து முதல் உலகப்போர் வரைக்கும்.

ஸ்டெப் 8: பிடிக்காத ரோவை அழிக்காதீங்க

நோபல் அறிவிப்பு 1962 அக்டோபர் 25, கியூபா ஏவுகணை நெருக்கடி உச்சத்துல இருந்த வாரம். கியூபா நியூஸ் பார்க்க டிவியைப் போட்டப்பதான் விருது செய்தியே தெரிஞ்சதுன்னு சொல்வாங்க. இதை எல்லாரும் சந்தோஷமா போடுவாங்க. ஆனா 1966-67-ல 'நியூஸ்டே' பத்திரிகைக்காக வியட்நாம் போய் அமெரிக்கப் படைக்கு ஆதரவா எழுதினதை நிறைய டைம்லைன்ல ஒரே வரியில தாண்டிடுவாங்க. ஏழைகளோட எழுத்தாளர்னு கொண்டாடின பலருக்கு அது பிடிக்கல. வடிகட்டி பார்த்தாலும் அது பாஸ் ஆகும்: நேர்ல போயிருக்கார், மகன் அங்க ராணுவத்துல இருந்தார், ஜனாதிபதி ஜான்சன் அவருக்கு நண்பர். மூணையும் அந்தந்த கட்டத்துல எழுதி வைங்க, தீர்ப்பு எழுத தனி நெடுவரிசை வேண்டாம்.

இதே ஷீட்டை டூப்ளிகேட் பண்ணிட்டு அடுத்து மார்க் ட்வைனை போட்டுப் பாருங்க. 'ஹக்கிள்பெரி ஃபின்' எழுத ஆரம்பிச்சது 1876, அமெரிக்காவுல வந்தது 1885, கதை நடக்கிறதோ அடிமைமுறை இருந்த 1830-40கள்ல. நடுவுல 1861-ல இருந்து 1865 வரைக்கும் உள்நாட்டுப் போர் இருக்கு, அந்த அஞ்சு ரோவையும் நிரப்புறப்ப 'எந்த ஊர்ல இருந்தார்' நெடுவரிசையை மட்டும் மறந்துடாதீங்க, மனுஷன் 1861-லயே கிளம்பி நெவாடா பக்கம் போயிட்டார்.