சிங்க மலையும் டச்சுக் கோட்டைச் சிதைவும்: முதல் தடவை போகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோட்டை என்றதும் செஞ்சியையும் வேலூரையும் மனதில் வைத்துக்கொண்டு மொரீசியஸின் வியே கிரான் போர் என்ற ஊருக்குக் கிளம்பாதீர்கள். இங்கே இருப்பது கடலோரமாக இடிந்து நிற்கிற கருங்கல் சுவர்களும் புல்லுக்குள் ஓடுகிற அஸ்திவாரக் கோடுகளும்தான். பழவேற்காட்டில் 1613-ல் எழும்பிய கெல்ட்ரியா கோட்டை இப்போது என்ன கதியில் கிடக்கிறது என்று பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அதைக் கட்டிய அதே டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1638-ல் மொரீசியஸின் இந்தத் தென்கிழக்கு மூலையில் ஆளிறக்கி, ஃபிரெடெரிக் ஹெண்ட்ரிக் கோட்டையைக் கட்டியது.

ஆனால் அந்தச் சிதைவுக்குப் பின்னாலேயே காடு மூடிய சிங்க மலை நிற்கிறது, 480 மீட்டர் உயரம். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், அதுவும் மலையை முதலில், கோட்டையை அப்புறம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கோட்டையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள்.

1. நாள் பார்ப்பது

மே முதல் அக்டோபர் வரை நல்லது. வெயில் அடங்கியிருக்கும், மழையும் குறைவு, ஆனாலும் தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் தூறலுக்கு இந்தப் பக்கம் எப்போதுமே கொஞ்சம் ராசி உண்டு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சூறாவளிக் காலம், நான்கு படிகளாக விடுகிற சூறாவளி எச்சரிக்கையில் ஒன்றாம் வகுப்பு வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், நான்காம் வகுப்புவரை பொறுத்துப் பார்க்கிற விஷயமில்லை இது.

இன்னொன்று, வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதது: ஜூன் முதல் செப்டம்பர் வரை மான் வேட்டைக் காலம். டச்சுக்காரர்கள் 1639-ல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மான்கள் இந்தத் தீவு முழுக்கப் பெருகிவிட்டன, மலைச்சரிவு நிலங்களில் நிறைய தனியாருக்குச் சொந்தம், வேட்டையும் அங்கேதான். அந்த மாதங்களில் போகிறீர்கள் என்றால் பளிச்சென்று தெரிகிற சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வேட்டை எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்கிற பாதைக்குள் நுழையாதீர்கள், கிளம்புமுன் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

2. பை கட்டுவது

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள ஷூ, முழுக்கைச் சட்டை, தொப்பி, சார்ஜ் ஏற்றிய ஃபோன். ஆம்புலன்ஸுக்கு 114, போலீசுக்கு 999, இரண்டையும் சேமித்து வையுங்கள். விஷப்பாம்பு பயம் இங்கே கிடையாது. தொந்தரவு கொடுப்பவை மஞ்சள் குளவிகள், புதரில் கிளையைப் பிடிக்குமுன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு, வழியில் பஸ் மாறுகிற ஊரான மாயேபூரிலேயே தால் பூரி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், மேலே குரங்குகள் எதிரில் பையை விரிக்காமல் சாப்பிடுங்கள்.

3. போய்ச் சேருவது

தலைநகர் போர்ட் லூயியிலிருந்து மாயேபூருக்கு பஸ், அங்கிருந்து ஃப்ளாக் போகிற கடற்கரைச் சாலை பஸ்ஸில் வியே கிரான் போர். திங்கட்கிழமை மாயேபூரில் பெரிய சந்தை கூடும், பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். வழியில் கடலோரமாக ஒரு நினைவுத் தூண் தெரியும், 1598 செப்டம்பரில் டச்சுக்காரர்கள் முதன்முதலில் கரையிறங்கியதற்காக வைத்தது. போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் இறங்குங்கள், மலைப்பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. எத்தனை பேர் ஏறுகிறீர்கள் என்று ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது.

4. ஏறுவது

காலை ஏழரைக்குள் நடக்க ஆரம்பித்துவிடுங்கள். முதல் பகுதி கரும்புத் தோட்டத்தை ஒட்டிப் போகிறது. இந்த ஊர்க் கரும்புக் காடுகளில் கருங்கற்கள் சுவர் மாதிரியும் மேடு மாதிரியும் குவிந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதையே கோட்டை என்று நினைத்து ஃபோட்டோ எடுப்பார்கள். அவை நிலத்தை உழவுக்குக் கொண்டுவருவதற்காகத் தோட்டத் தொழிலாளிகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய எரிமலைப் பாறைத் துண்டுகள். ஒரு கணக்கில் பார்த்தால், தோட்டத் தொழிலாளிகளாக இங்கே வந்த நம் தாத்தா பாட்டிமார் கட்டிய கோட்டை அதுதான்.

அப்புறம் காடு. சீனக் கொய்யா மரங்கள் நெருக்கமாக நிற்கும், பழக் காலத்தில் தரையெல்லாம் சிவப்பாக நசுங்கிக் கிடக்கும், அங்கேதான் வழுக்கும். பாதை முதுகெலும்பு மாதிரி மலை முகட்டிலேயே ஏறுகிறது, அதனால் திசை தவறுவது கஷ்டம். இரண்டு பக்கமும் சரிவு தெரியவில்லை என்றால் முகட்டைவிட்டு இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், வந்த வழியே திரும்பிப் போங்கள், குறுக்கே புகுந்து சரிசெய்யப் பார்க்காதீர்கள். கடைசிப் பகுதியில் பாறை, கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். இந்தத் தீவிலேயே இருக்கிற கோர் த கார்து மலைக்கோயிலுக்குக் காவடி எடுத்து ஏறுகிற நம் ஆட்களுக்கு இதெல்லாம் ஒரு மலையா என்று தோன்றலாம். அங்கே படிக்கட்டு இருக்கிறது, இங்கே இல்லை. பாறை ஈரமாக இருந்தால் கீழேயே நின்றுவிடுங்கள், அங்கிருந்தும் விரிகுடா தெரியும். போக வர மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் முடியும்.

உச்சியில் போய் உடனே செல்ஃபி எடுக்காமல், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான நாட்களில் கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். பாய்மரக் கப்பலுக்கு இந்த விரிகுடாவுக்குள் வருவது சுலபம், இதே காற்றை எதிர்த்து வெளியே போவதுதான் பெரும்பாடு. டச்சுக்காரர்கள் இங்கே தங்கினார்கள், அவர்களுக்குப் பிறகு வந்த பிரெஞ்சுக்காரர்கள் தீவின் காற்று மறைவான மறுபக்கத்துக்கு, போர்ட் லூயிக்கு, தலைநகரைக் கொண்டுபோனார்கள். 1735-ல் வந்த கவர்னர் லாபூர்தொனே அந்த நகரத்தைக் கட்டத்தான் புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். காற்று வேறு பக்கம் வீசியிருந்தால் அவர்கள் இங்கேயே வந்து இறங்கியிருப்பார்களோ என்னவோ.

இப்போது தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கருநீலம் ஆழம், வெளிர்ப்பச்சை பவளத்திட்டு. தூரத்தில் வெள்ளை நுரைக் கோட்டின்மேல் தெரிகிற சின்னத் தீவு இல் த லா பாஸ். 1810 ஆகஸ்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே மோதியபோது, சிரியஸ், மஜிசியன் என்ற இரண்டு ஆங்கிலப் போர்க்கப்பல்கள் இந்த வெளிர்ப்பச்சையில்தான் தரைதட்டின, ஆங்கிலேயரே அவற்றுக்குத் தீ வைத்துக் கொளுத்திவிட்டுப் போக வேண்டியதாயிற்று. பாரிஸின் வெற்றி வளைவில் இந்தச் சண்டையின் பெயர் பொறித்திருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் தீவையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

5. கோட்டைச் சிதைவு

இறங்கி, கை கால் கழுவிக்கொண்டு கோட்டைக்கு வாருங்கள். முதலில் பக்கத்திலிருக்கிற சின்ன அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டு வெளியே வருவது சரியான வரிசை, ஏனென்றால் வெளியே நீங்கள் பார்க்கிற சுவர் எல்லாமே டச்சு இல்லை. டச்சு அஸ்திவாரத்தின்மேல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியதும் கலந்து கிடக்கிறது.

தொடக்கத்தில் இங்கே இருந்த கோட்டை பெரும்பாலும் மரத்தால் ஆனது. 1642-ல் டச்சுக் கடலோடி ஆபெல் டாஸ்மான் ஆஸ்திரேலியப் பக்கம் போகிற வழியில் கப்பலைப் பழுதுபார்க்கத் தங்கியது இங்கேதான். 1695-ல் அடிமைகள் சிலர் கோட்டைக்குத் தீ வைத்தார்கள், அவர்களில் வங்காளத்து அன்னா என்ற பெண்ணும் ஒருத்தி. பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் கல் கட்டடம் எழும்பியது, 1710-ல் டச்சுக்காரர்கள் தீவையே விட்டுப் போய்விட்டார்கள்.

சுவரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சாந்தைக் கவனியுங்கள். இந்தத் தீவில் சுண்ணாம்புக்கல் மலை கிடையாது, பவளத்தைச் சூளையில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள், அதனால் பழைய சாந்தில் சரியாக வேகாத வெள்ளைப் பொட்டுகள் அங்கங்கே தெரியும். சிமெண்டு பூசிச் சரிசெய்த இடத்தில் அது இருக்காது, சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருக்கும். எது பழையது, எது நேற்றுப் பூசியது என்று பிரித்துப் பார்க்க இந்த ஒரு அடையாளம் போதும். சுவரில் ஏறாதீர்கள், சின்னப் பீங்கான் சில்லு கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள், அது கிடக்கிற இடம்தான் அகழ்வாராய்ச்சிக்காரர்களுக்குத் தகவல்.

6. நேரம் மிச்சமிருந்தால்

மாயேபூர் தேசிய வரலாற்று அருங்காட்சியகம். 1810 சண்டையில் காயம்பட்ட ஆங்கிலத் தளபதி வில்லோபி, பிரெஞ்சுத் தளபதி துபெரே, இருவருக்கும் ஒரே கூரையின்கீழ் வைத்தியம் பார்த்தது அந்த வீட்டில்தான். மூடுகிற நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மாலையில் பஸ்ஸும் குறைந்துவிடும், நான்கரைக்கு சாலையில் வந்து நின்றால் சரியாக இருக்கும்.