செங்கால் நாரை இரவு எங்கே தங்கியது? பறவைத் தடத் தரவைப் படிக்கும் வழி

ஐப்பசி, கார்த்திகையில் கிருஷ்ணகிரி கேஆர்பி டேம் பக்கம் போனால் மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அங்கே மீன் வறுக்கும் அக்கா ஒருநாள், "இதுங்கல்லாம் எந்த ஊர்ல இருந்து தம்பி வருது?" என்று கேட்டார். "வடக்கே இருந்துக்கா" என்றேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. பறவைகள் பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் வலசையைப் பற்றிய தரவைப் படிக்க உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் தகைவிலானில் தொடங்காதீர்கள். அதன் எடை 20 கிராம் அளவுதான். போகும் இடத்தைப் பதிவு செய்யப் பறவைமேல் மாட்டும் கருவி, அதன் எடையில் 3 முதல் 5 விழுக்காட்டுக்கு மேல் கனக்கக் கூடாது என்பது ஆய்வாளர்கள் வைத்திருக்கும் வரம்பு. அப்படியென்றால் தகைவிலானுக்கு 1 கிராமே உச்ச வரம்பு. சூரியத் தகடும் சிம் கார்டும் கொண்ட ஜிபிஎஸ் கருவியை அது சுமக்காது. 3 கிலோ அளவுள்ள செங்கால் நாரை சுமக்கும். இந்த நாரைக்குப் பழைய கதை ஒன்றும் உண்டு: 1822-இல் ஜெர்மனியில் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி குத்திய நாரை ஒன்று கிடைத்தது. பறவைகள் கண்டம் தாண்டிப் போய்வருகின்றன என்பதற்கு அன்றைக்கு அந்த ஈட்டியே சாட்சி. இன்று அந்த வேலையைக் கருவி செய்கிறது.

முதலில் மூவ்பேங்க் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்குங்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் நடத்தும் தரவுக் களஞ்சியம் அது. நாரையின் அறிவியல் பெயர் 'சிகோனியா சிகோனியா'. அதைக் கொடுத்துத் தேடுங்கள். எல்லா ஆய்வுகளையும் பதிவிறக்க முடியாது. அனுமதி உள்ளதை எடுத்து, பயன்பாட்டு விதிகளைப் படித்துவிட்டு, ஒரே ஒரு பறவையின் ஓர் ஆண்டுத் தரவை மட்டும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்குங்கள். ஆசைப்பட்டு ஐம்பது பறவைகளை இறக்கினால் கணினி திணறும், நீங்களும் திணறுவீர்கள்.

கோப்பில் நிறைய நெடுவரிசைகள் இருக்கும். பறவையின் அடையாள எண், நேரம், தீர்க்கரேகை, அட்சரேகை இந்த நான்கும் இப்போதைக்குப் போதும். ஒரு வரி என்பது ஒரு பறவை ஒரு நேரத்தில் இருந்த ஓர் இடம்.

அடுத்து, க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இந்தக் கோப்பைச் சேருங்கள். எக்ஸ் கட்டத்தில் தீர்க்கரேகை, ஒய் கட்டத்தில் அட்சரேகை, ஆயமுறை (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) இபிஎஸ்ஜி 4326. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கிருஷ்ணகிரியை வைத்தே சோதித்துப் பாருங்கள்: அட்சரேகை 12.5, தீர்க்கரேகை 78.2. இரண்டையும் மாற்றிப் போட்டால் நம் ஊர் வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்டு தீவுகளின் மேற்குக் கரையோரக் கடலில் போய் விழும். நாரையின் புள்ளிகளும் இப்படித்தான் இடம் மாறும்.

புள்ளிகளைக் கோடாக்க 'பாயின்ட்ஸ் டு பாத்' கருவி இருக்கிறது. வரிசைக்கு நேரத்தையும், பிரிப்பதற்குப் பறவையின் எண்ணையும் கொடுங்கள். பின்னால் இன்னொரு பறவையைச் சேர்க்கும்போது எண்ணைக் கொடுக்க மறந்தால் இரண்டின் தடமும் சிக்கு விழுந்த நூல்போல ஆகிவிடும்.

கோடு அழகாக வரும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். மேகம் மூடினாலோ சிறகு தகட்டை மறைத்தாலோ கருவி சில நாள் மௌனமாகும். துருக்கியில் ஒரு புள்ளி, அடுத்தது எகிப்தில் என்றால், மென்பொருள் மத்தியத்தரைக் கடலின் குறுக்கே நேர்கோடு இழுத்துவிடும். நாரை அப்படிப் போவதில்லை. வெயிலில் சூடாகி எழும் காற்றில் வட்டமிட்டு ஏறி, அப்படியே சறுக்கிப் போகும் பறவை அது. கடல்மேல் அந்தக் காற்று சரியாக எழாது. அதனால்தான் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கு வழியில் போகும் நாரைகள் துருக்கியின் போஸ்பரஸ் நீரிணையைக் கடந்து, சிரியா, இஸ்ரேல் என்று கரையைச் சுற்றி எகிப்துக்குப் போகின்றன. 10 நிமிட இடைவெளியில் 80 கி.மீ. தள்ளி ஒரு புள்ளி விழுந்தாலும் சந்தேகப்படுங்கள். மணிக்கு 480 கி.மீ. வேகத்தில் நாரை பறக்காது. அது கருவியின் பிழை.

கோப்பில் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும். பழக்கதோஷத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாதீர்கள். பறவை இருக்கும் நாட்டு நேரம்தான் வேண்டும். துருக்கி என்றால் 3 மணி நேரம் கூட்டுங்கள்.

இனி ஒரே ஒரு நாளைப் பெரிதாக்கிப் பாருங்கள். காலை எட்டு மணி வரை புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். தரை சூடேறியதும் தடம் நீளும். மாலைக்குள் 200, 300 கி.மீ. போயிருக்கும், தர்மபுரியில் கிளம்பிச் சென்னை சேர்வது மாதிரி. பிறகு மறுபடி ஒரு குவியல். அதுதான் இரவுத் தங்கல். அந்தக் குவியலுக்கு அடியில் செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பெரிதாக்குங்கள். வயலா, ஏரிக்கரையா, குப்பைமேடா, மின்கோபுரமா என்று தெரியும். இப்படிப் பத்து இரவுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.