டிரெய்லரை இழுத்துக்கொண்டு அலாஸ்காவுக்கு: திட்டமிடும்போது செய்யும் தவறுகள்

சியாட்டிலிலிருந்து ஃபேர்பேங்க்ஸுக்குச் சாலை வழியாகச் சுமார் 3,400 கிலோமீட்டர். மேப்பில் போட்டால் 40 மணி நேரம் என்று காட்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓட்டினால் ஐந்து நாள் போதுமே என்று பலரும் அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். காருக்கு அந்தக் கணக்கு சரி. தங்கும் வசதியுள்ள முப்பதடி டிரெய்லர் பின்னால் வரும்போது அது பொருந்தாது. வேகம் குறையும், பெட்ரோல் போடவே அரை மணி நேரம் ஆகும், இருட்டும் முன்னால் இடம் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை, எங்கேயும் போகாமல் ஓய்வெடுக்க ஒரு நாள் விடுங்கள். போக மட்டும் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகும். அவ்வளவு விடுப்பு இல்லையென்றால் டிரெய்லர் இல்லாமல் போவதே நல்லது.

எடையில்தான் பெரிய தவறு

"இந்த பிக்கப் 11,000 பவுண்டு இழுக்கும்" என்று விளம்பரத்தில் இருக்கும். டிரெய்லர் 8,000 பவுண்டுதானே, தாராளமாக இழுக்கும் என்று வாங்கிவிடுவார்கள். ஆனால் வண்டி எவ்வளவு இழுக்கும் என்பது ஒன்று, தன் முதுகில் எவ்வளவு தாங்கும் என்பது வேறு. பெரும்பாலும் தாங்கும் எடைதான் முதலில் எல்லையைத் தொடும்.

பிக்கப்பின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கி) மேல் இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். 8,000 பவுண்டு டிரெய்லர் என்றால் ஹிட்ச் மேல் சுமார் 1,000 பவுண்டு இறங்கும். எடையைப் பகிர்ந்து தரும் ஹிட்ச் தானே ஒரு 100 பவுண்டு வரும். மிச்சம் 400. குடும்பத்தில் நான்கு பேர் ஏறி உட்கார்ந்தாலே தாண்டிவிடும், பின்னால் ஒரு பெட்டிகூட வைக்க முடியாது. பிக்கப்பின் பின்தொட்டிக்குள்ளேயே இணைக்கும் ஃபிஃப்த் வீல் வகை டிரெய்லரில் இது 15 முதல் 25 சதவீதம் வரை போகும் என்பதால் நிலைமை இன்னும் இறுக்கம்.

விற்பவர் சொல்லும் எடை காலி டிரெய்லரின் எடை. 60 காலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே 500 பவுண்டு கூடிவிடும். அப்புறம் பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், நாற்காலி, சைக்கிள். எனவே கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, பயணத்துக்கு ஏற்றுகிற மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றி, லாரிகள் நிற்கும் இடத்திலுள்ள எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். கிளம்பும் நாளில் பார்த்து என்ன பயன்? கழற்றிப் போட நேரம் இருக்காது.

டயரும் எடையோடு சேர்ந்ததுதான். டிரெய்லர் டயரில் வேக அளவு எதுவும் குறிப்பிடாவிட்டால் பெரும்பாலும் மணிக்கு 65 மைல்தான் எல்லை. டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஐந்தாறு வயதைத் தாண்டிய டயரோடு இந்தப் பாதைக்குப் போக வேண்டாம். காற்றழுத்தத்தைக் காலையில், வண்டியை எடுக்கும் முன்பே பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் பார்த்துவிட்டுக் காற்றை இறக்குவது ஆபத்து.

எல்லையில்

அமெரிக்காவுக்குள்ளேயே போகிற பயணம் போலத் தோன்றும். ஆனால் அலாஸ்காவுக்குச் சாலையில் போனால் கனடாவுக்குள் நுழைந்து மறுபடி அமெரிக்காவுக்குள் வர வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. நம்மவர்கள் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டும் எச்1பி வேலை விசாவும் இருப்பவர்களுக்குக் கனடா விசா கண்டிப்பாக வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் விசா வேண்டாம், ஆனால் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கார்டும் இரண்டுமே கையில் இருக்க வேண்டும். குழந்தையோடு பெற்றோரில் ஒருவர் மட்டும் போகிறார் என்றால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் என்பது சமையலறையோடு எல்லை தாண்டும் வீடு. அதனால் கேள்விகளும் அதிகம். விறகை ஏற்றிப் போகாதீர்கள், அதன் வழியாக மரப் பூச்சிகள் பரவுகின்றன. போகிற இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். கஞ்சா கனடாவிலும் அலாஸ்காவிலும் சட்டப்படி கிடைக்கிறது, இருந்தும் எல்லை தாண்டி எந்தப் பக்கமும் கொண்டுபோவது குற்றம். கரடியை விரட்டும் ஸ்பிரேயை அனுமதிப்பார்கள். மனிதர்கள் மேல் அடிக்கிற பெப்பர் ஸ்பிரே கனடாவில் தடை. கைத்துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நாய் இருந்தால் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். 2024 ஆகஸ்டிலிருந்து, அமெரிக்காவுக்குள் திரும்ப வரும்போது நாய்க்கு மைக்ரோசிப்பும் அமெரிக்க நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி.யின் படிவமும் தேவை. உங்கள் வாகனக் காப்பீட்டு நிறுவனத்திடம் கனடாவுக்கான காப்பீட்டு அட்டையை முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள்.

இன்னொன்று: கனடாவின் யூகான் பகுதியிலுள்ள டாசன் சிட்டியிலிருந்து டாப் ஆஃப் த வேர்ல்ட் நெடுஞ்சாலை வழியாக அலாஸ்காவுக்குப் போகும் குறுக்குவழி மேப்பில் அழகாகத் தெரியும். அங்குள்ள போக்கர் கிரீக் எல்லைச் சாவடி கோடையில் மட்டும், அதுவும் பகலில் மட்டுமே திறந்திருக்கும். கோடையில் யூகான் நேரம் அலாஸ்கா நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இதைக் கவனிக்காமல் போனால் நேரம் தப்பிவிடும். அலாஸ்கா பக்கம் குறுகலான ஜல்லிச் சாலை. பெரிய டிரெய்லரோடு அந்த வழியை யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

சாலை

அலாஸ்கா நெடுஞ்சாலை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள டாசன் கிரீக்கில் தொடங்குகிறது. இந்த டாசன் கிரீக் வேறு, யூகானில் உள்ள டாசன் சிட்டி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு முன்பதிவு செய்பவர்கள் உண்டு. 1942-இல் போர்க்காலத்தில் போட்ட சாலை இது, இன்று பெரும்பாலும் நல்ல தார்ச் சாலைதான்.

இந்தச் சாலையில் ஃபோர்ட் நெல்சன், வாட்சன் லேக் என்ற இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர். டிரெய்லரோடு மைலேஜ் பாதியாகிவிடும். 26 காலன் தொட்டியும் காலனுக்கு 9 மைலும் என்றால் சுமார் 375 கிலோமீட்டர்தான் போக முடியும். நடுவில் சில சிறிய பெட்ரோல் பங்க்குகள் உண்டு, ஆனால் எல்லாம் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. பாதித் தொட்டி காலியானதும் அடுத்து எது கண்ணில் படுகிறதோ அங்கே நிரப்பிவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். அந்த நீளத்தில் பெரும்பகுதிக்கு செல்போன் சிக்னல் கிடையாது, மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். காட்டெருமைகள் சாலையிலேயே நிற்கும்.

கனடாவில் பாலங்களின் உயரம் மீட்டரில் எழுதியிருக்கும். உங்கள் டிரெய்லரின் உயரத்தை, மேலே இருக்கும் ஏசியையும் சேர்த்து அளந்து, அடியிலும் மீட்டரிலும் எழுதி ஸ்டீயரிங் அருகே ஒட்டிவிடுங்கள். 12.5 அடி என்றால் 3.81 மீட்டர். பாலம் நெருங்கிய பிறகு மனதில் கணக்குப் போட முடியாது.

இந்தப் பயணத்தில் டிரெய்லரை உடைக்கிற இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், யூகானிலுள்ள கிளுவானி ஏரியைத் தாண்டி அலாஸ்கா எல்லை வரை உள்ள பகுதியைத்தான் சொல்வேன். அடியில் உறைந்த நிலம் உருகியும் உறைந்தும் சாலையை அலையலையாகத் தூக்கிவிடுகிறது. காரில் அது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். டிரெய்லரில் முன்சக்கரம் ஏறும்போது பின்பகுதி தரையைத் தட்டும், அலமாரிகள் திறந்து எல்லாம் கீழே கொட்டும், அடிச்சட்டத்தின் வெல்டிங்கே விரிசல் விடும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். யூகானிலுள்ள ஹெய்ன்ஸ் ஜங்ஷனிலிருந்து அலாஸ்காவிலுள்ள டோக் வரை சுமார் 475 கிலோமீட்டர். மற்ற நாட்களைப் போல நினைக்காமல் இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். இரவில் நிறுத்தியதும் ஹிட்ச் போல்ட்டுகளையும் டிரெய்லர் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

திரும்பும் தேதியை நம்மில் பலர் கடைசியில்தான் யோசிக்கிறோம். செப்டம்பர் நடுவில் வடக்கே பல முகாம்கள் மூடத் தொடங்கிவிடும், இரவில் டிரெய்லரின் தண்ணீர்க் குழாய்கள் உறையலாம். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் அமெரிக்கத் தொழிலாளர் தின வாரத்திலேயே தெற்கே திரும்பிவிடும்படி போகும் தேதியைப் பின்னோக்கிக் கணக்கிட்டுக் குறியுங்கள்.