ஒரு ஜியென்னுக்கு எத்தனை பீஸ்? அளவுச்சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனம் படித்த கையோடு வணிக மொழிபெயர்ப்பு வேலைக்கு வரும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. உச்சரிப்பும் எங்கள் காலத்து ஆட்களைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் கொள்முதல் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னச் சொல்லில், அதாவது எதைக் கொண்டு எண்ணுகிறோம் என்று காட்டும் அளவுச்சொல்லில், தடுக்கி விழுகிறார்கள். நாங்கள் விழுந்த அதே இடம்தான்.

செஜியாங் மாகாணத்தில் இருக்கும் யீவூ சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானில் தொடங்கிப் போர்வை வரை மொத்தமாக விற்கும் ஊர். வாங்க வருகிறவர்களில் இந்தியர்கள் உண்டு, அரபு நாட்டவர் உண்டு, ஸ்பெயின்காரர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் உண்டு. 2014 நவம்பரில் அங்கிருந்து மாட்ரிட் வரைக்கும் சரக்கு ரயிலே விட்டுவிட்டார்கள். விசாரிப்பு ஸ்பானிஷில் வரும், ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும், கடைக்காரம்மா சீட்டைச் சீனத்தில் எழுதித் தருவார். மூன்று தாளிலும் எண் ஒன்றாகவே இருக்கும். அதற்கு அடுத்த சொல்தான் வம்பு.

எல்லாவற்றுக்கும் ‘கெ’ என்ற பொதுவான அளவுச்சொல்லையே போடுவது, இரண்டு என்பதற்கு ‘லியாங்’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘அர்’ சொல்வது, இதையெல்லாம் எழுதப்போவதில்லை. ‘கெ’ போட்டால் எதிரில் இருப்பவர் லேசாகச் சிரிப்பார், புரிந்துகொள்வார், காசு போகாது. காசு போகிற தவறுகளைப் பார்ப்போம்.

## ஜியென்னைப் ‘பீஸ்’ என்று எழுதுவது

பாடப்புத்தகத்தில் ஜியென் சட்டையோடு அறிமுகமாகும். யீ ஜியென் சென்ஷான், ஒரு சட்டை. அப்புறம் யீ ஜியென் ஷி, ஒரு விஷயம். மாணவர் ஓரத்தில் ‘பீஸ்’ என்று குறித்துக்கொள்வார். ஸ்பானிஷும் தெரிந்தவர் என்றால் பக்கத்திலேயே ‘பியெஸா’ என்றும் எழுதிவைப்பார். மூன்று மொழிக்கும் ஒரே சாவி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்.

மொத்த வியாபாரத்தில் ஜியென் என்றால் பெரும்பாலும் ஒரு பெட்டி, ஒரு பண்டல். பீர் விற்கும் இடத்தில் ஒரு ஜியென் என்றால் ஒரு பெட்டி பீர். சரக்கு ஏற்றுமிடத்தில் ‘ஜியென் ஷூ’ என்ன என்று கேட்டால், எத்தனை பொதி என்று கேட்கிறார்கள். உள்ளே எத்தனை உருப்படி என்பது அவர்களுக்குத் தேவையில்லாத சங்கதி. அதே ஊரில் இணையத்தில் விற்பவர் ‘யீ ஜியென் தாய்ஃபா’ என்று போட்டிருப்பார். அங்கே ஜியென் ஒற்றைப் பொருள்: ஒன்றே ஒன்று கேட்டாலும் உங்கள் வாடிக்கையாளருக்கு நாங்களே அனுப்புகிறோம் என்று அர்த்தம்.

ஆங்கிலம் மட்டும் யோக்கியமா என்ன? விமானச் சரக்குச் சீட்டில் ‘பீஸ்’ என்ற கட்டம் இருக்கிறது. அதில் எழுத வேண்டியது பெட்டிகளின் எண்ணிக்கை. பெட்டிக்குள் எத்தனை சட்டை என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். இந்த இடத்தில் ஸ்பானிஷ்தான் ஒழுங்கு. பொதிக்கு ‘புல்தோ’, உருப்படிக்கு ‘பியெஸா’ அல்லது ‘உனிதாத்’ என்று பிரித்து வைத்திருக்கிறது.

படுக்கை விரிப்புக்கு வந்தால் குழப்பம் இன்னும் ஒரு மாடி ஏறும். ‘ஸு ஜியென் தாவ்’ என்று ஒரு சரக்கு. நான்கு ஜியென் சேர்ந்த ஒரு தாவ், அதாவது செட்: ரஜாய் உறை ஒன்று, விரிப்பு ஒன்று, தலையணை உறை இரண்டு. சரக்கின் பெயருக்குள்ளேயே ஜியென் இருக்கிறது. அதை எண்ணுவது தாவ் கணக்கில். அடுக்கும் பெட்டியோ மறுபடி ஜியென்.

ஒரு பையன். கெட்டிக்காரன். மாட்ரிட்காரர் ‘200 ஹுவேகோஸ்’ என்று எழுதியிருந்தார். ஸ்பானிஷில் ஹுவேகோ என்றால் விளையாட்டும் உண்டு, செட்டும் உண்டு. அதில் அவன் தடுமாறவில்லை. கடைச் சீட்டில் மட்டும் ‘ஸு ஜியென் தாவ், 200 ஜியென்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கடைக்காரம்மா ‘ஹாவ்’, சரி, என்றார். முன்பணம் மொத்தமாக ஒரு தொகை பேசிக் கொடுத்தாகிவிட்டது, அதனால் யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

25 பெட்டிக்குத்தான் கண்டெய்னரில் இடம் பிடித்திருந்தோம். கிடங்கிலிருந்து போன்: நாற்பது பெட்டி இறங்கியிருக்கிறது, இது முதல் லோடுதானாம், மிச்சம் நாளையும் மறுநாளும் வருமாம், எங்கே வைக்க? அந்தக் கடையில் ஒரு ஜியென் என்றால் எட்டுச் செட் அடங்கிய பெட்டி. 200 செட் கேட்ட இடத்தில் 1,600 செட்டுக்குத் துணி வெட்டியாகிவிட்டது. பையன் போன் அகராதியைத் திறந்து ‘ஜியென், பீஸ்’ என்று காட்டினான். அந்தம்மா பேசவே இல்லை. கடைச் சுவரில் ஒட்டியிருந்த விலைத்தாளில் விரலை வைத்தார். ‘ஒரு ஜியென், எட்டுத் தாவ்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முன்பணம் போனது, வேண்டாத சரக்கில் ஒரு பகுதியைத் தலையில் கட்டிக்கொள்ளவும் வேண்டியிருந்தது. சில்லறையாக விற்கும் கடையாக இருந்திருந்தால் இதே சீட்டுக்கு 200 உருப்படி வந்திருக்கும், அதாவது வெறும் 50 செட்.

எனக்கு எரிச்சல் தருவது தவறுகூட இல்லை, அதற்குப் பிறகு வரும் வாதம். ‘அகராதியில் அப்படித்தான் இருக்கிறது.’ இருக்கட்டுமே. அகராதியா வந்து பெட்டியை எண்ணப்போகிறது?

பள்ளியில் எண்ணலளவை, எடுத்தலளவை, முகத்தலளவை, நீட்டலளவை ஆகுபெயர் என்று உருப்போட்டோமே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. ‘அரை லிட்டர் குடுங்க’ என்றால் பால்காரருக்குப் புரிகிறது, ‘ரெண்டு முழம்’ என்றால் பூக்காரம்மாவுக்குப் புரிகிறது. பொருளின் பெயர் காணாமல் போய், அளவே பொருளாக நிற்கிறது. சீனத்திலும் அதே கதை. முதல் செய்தியில் ‘200 தாவ் விரிப்பு’ என்று தொடங்குவார்கள், நாலாவது செய்தியில் ‘அந்த 200 எப்போது?’ என்று வந்து நிற்கும். இடையில் யாராவது ஒருவர் தாவை ஜியென்னாக மாற்றியிருப்பார்.

ஆகவே சீட்டில் மூன்று அடுக்கையும் எழுதுங்கள். 25 ஷியாங், ஷியாங்குக்கு 8 தாவ், தாவுக்கு 4 ஜியென். ஆங்கிலத்தில் 25 கார்ட்டன், 200 செட், 800 பீஸ். ஸ்பானிஷில் 25 காஹாஸ், 200 ஹுவேகோஸ், 800 பியெஸாஸ். பெட்டிக்கு ஷியாங் என்றே எழுதுங்கள், அங்கே ஜியென்னை விடவே விடாதீர்கள். எண்கள் ஒன்றையொன்று பெருக்கினால் ஒத்துப்போக வேண்டும். ஒரு சொல்லை எவராவது தப்பாகப் படித்தாலும் கணக்கு இடிக்கும், இடித்தால் போன் வரும். அந்த ஒரு போன் போதும்.

## ஜோடி என்றால் இரண்டு என்று நம்புவது

கையுறைக்கு ‘ஷுவாங்’ என்றால் ஜோடி, ‘ஜி’ என்றால் ஒற்றை. விலையை ஜிக்குச் சொன்னால் ஒரு கைக்குச் சொல்கிறார்கள் என்று பொருள். மலிவாக இருக்கிறதே என்று துள்ளாதீர்கள்.

பேன்ட்டுக்கு ஆங்கிலத்தில் ‘எ பேர் ஆஃப்’ போட்டாலும் அது ஒரே பேன்ட். ஸ்பானிஷில் ‘உன் பார் தே பந்தலோனெஸ்’ என்றால் ஒரு பேன்ட்டாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். சீனத்தில் பேன்ட்டுக்கு ஜோடியே கிடையாது, ‘தியாவ்’ என்று நீளமான பொருளோடு சேர்த்து எண்ணிவிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக்கு ‘ஃபூ’. கத்தரிக்கோலுக்குப் பிடி உள்ள சாமான்களுக்கு வரும் ‘பா’. ஸ்பானிஷ்காரர் ‘பார்’ என்று எழுதினால், எத்தனை உருப்படி என்று திருப்பிக் கேட்டுவிட்டே சீனத்துக்குப் போங்கள். ஏனென்றால் பேச்சில் ‘உன் பார் தே’ என்பதற்கு நம் ‘ரெண்டு மூணு’ மாதிரி ஒரு தளர்வும் உண்டு.

## குரோஸ்

ஆங்கிலத்தில் குரோஸ், ஸ்பானிஷில் குருவேஸா, சீனத்தில் லுவோ. மூன்றும் 144. பொத்தானும் பென்சிலும் இந்தக் கணக்கில் வரும். நூறு இல்லை.

## காரணம் கண்டுபிடித்து மனப்பாடம் செய்வது

நீளமானதற்குத் தியாவ், தட்டையானதற்கு ஜாங், பிடி உள்ளதற்குப் பா. வகுப்பில் இப்படித்தான் தொடங்குகிறார்கள், தொடங்குவதில் தப்பில்லை. அதை விதியாகப் பிடித்துக்கொண்டு புதிய சொற்களுக்குச் சொந்தமாக ஊகிக்கப் போவதுதான் தப்பு. ஆறுக்கும் தெருவுக்கும் மீனுக்கும் தியாவ், சரி. நாய்க்கும் தியாவ் வரும். செய்திக்கும் தியாவ்தான். காகிதத்துக்கும் கட்டிலுக்கும் ஜாங், ஒப்புக்கொள்ளலாம்; வாய்க்கும் ஜாங் என்றால் என்ன சொல்வீர்கள்? நாற்காலிக்குப் பா, மேசைக்கு ஜாங். இரண்டும் ஒரே கடையில் ஒரே வரிசையில் நிற்கின்றன.

நம் ஊரில் வாழைப்பழத்தைச் சீப்பு என்கிறோம், கீரையைக் கட்டு என்கிறோம், வெற்றிலையைக் கவுளி என்கிறோம். எந்தக் குழந்தையும் விதியை வைத்துக் கற்றுக்கொள்ளவில்லை, கடைக்குப் போய்வந்ததில் ஒட்டிக்கொண்டது. பெயர்ச்சொல்லை எழுதும்போதே அதன் அளவுச்சொல்லையும் முன்னால் எழுதிப் பழகுங்கள். ‘புத்தகம்: ஷூ’ என்று குறிக்காமல் ‘யீ பென் ஷூ’ என்று குறித்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

## மாதத்தில் ‘கெ’யை விழுங்குவது

‘ஸான் கெ யுவே’ என்றால் மூன்று மாதம். ‘ஸான் யுவே’ என்றால் மார்ச். சரக்கு எப்போது வரும் என்ற கேள்விக்கு இதில் எதைச் சொன்னீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள்.

## ஜின்னைக் கிலோ என்று எழுதுவது

சீனப் பெருநிலத்தில் ஒரு ஜின் 500 கிராம். கிலோவுக்குக் ‘கோங்ஜின்’ என்று தனிச்சொல் இருக்கிறது. தேயிலைக் கடையில் சொல்லும் விலை ஜின்னுக்குத்தான். அதைக் கிலோ விலை என்று மாட்ரிட்டுக்கு எழுதினால், பாதி விலைக்குச் சரக்கு தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

தைவானில் ஜின் 600 கிராம், ஹாங்காங்கில் சுமார் 605. ஜின்னுக்குக் கீழே லியாங் என்ற சிறிய எடை. பெருநிலத்தில் 1959-க்குப் பிறகு பத்து லியாங் ஒரு ஜின், அதற்கு முன்பு பதினாறு. ஹாங்காங்கிலும் தைவானிலும் இன்றும் பதினாறுதான். ‘பான் ஜின் பா லியாங்’, அரை ஜின் எட்டு லியாங், என்ற சொலவடை அந்தப் பழைய கணக்கில் பிறந்தது: இருவரும் ஒன்றுக்கொன்று சளைத்தவர்கள் இல்லை என்று கிண்டலாகச் சொல்வது. இப்போதைய கணக்கில் பெருக்கிப் பார்த்துவிட்டு, ‘எட்டு லியாங் எப்படி அரை ஜின் ஆகும், தப்பாக எழுதியிருக்கிறார்கள்’ என்று திருத்திய ஆளையும் பார்த்தாகிவிட்டது.

## லட்சத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போவது

சீனத்தில் பத்தாயிரத்துக்கு ‘வான்’. ஒரு லட்சம் என்பது பத்து வான், கோடி என்பது ஆயிரம் வான். லட்சத்திலிருந்து ஆங்கில மில்லியனுக்குப் போய், அங்கிருந்து வானுக்குத் தாவினால் ஒரு பூஜ்யம் நிச்சயம் தொலையும். லட்சத்திலிருந்து நேராக வானுக்குப் போங்கள், பத்தால் பெருக்கினால் முடிந்தது. ஸ்பானிஷ் ‘பியோன்’ ஆங்கில பில்லியன் இல்லை, அதைப்போல ஆயிரம் மடங்கு. மொத்தத்தில் எழுத்தில் எழுதுவதற்கு முன் இலக்கத்தில் எழுதுங்கள்.

## கோப்பையா, கோப்பை நிறையத் தேநீரா

சீனத்தில் இடம்தான் எல்லாம். ‘யீ பெய் ச்சா’ குடிப்பது, ‘ச்சா பெய்’ கழுவி வைப்பது. ஆங்கிலத்திலும் சொற்கள் இடம் மாறும். ஸ்பானிஷில் ‘தாஸா தே தே’ இரண்டுக்கும் பொருந்தும். பாத்திரக் கடைக்குப் போகும் சீட்டு என்றால் ‘காலி’ என்று ஒரு சொல் சேர்த்துவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

## ஃபர்னிச்சர்ஸ், லக்கேஜஸ், அட்வைசஸ்

ஆங்கிலத்தில் வேண்டாம். ஸ்பானிஷில் ‘முவேப்ளெஸ்’ என்று பன்மையில் தாராளமாக எழுதலாம்.

## பூண்டு

சமையல் குறிப்பு மொழிபெயர்ப்பவர்களுக்கு. ஸ்பானிஷில் ஒரு பூண்டுப் பல்லுக்கு ‘தியெந்தே’, நம்மைப்போலவே பல். சீனத்தில் ‘பான்’, பூவிதழுக்கு வரும் அதே சொல். முழுப் பூண்டு ஸ்பானிஷில் ‘கபேஸா’, சீனத்தில் ‘தோவ்’, இரண்டும் தலை. ஆங்கிலத்தில் பல்லுக்குக் ‘க்ளோவ்’ என்று பெயர். கிராம்புக்கும் அதே பெயர். ‘3 க்ளோவ்ஸ்’ என்று மட்டும் போட்டு, நசுக்கவும் என்றோ தோலுரிக்கவும் என்றோ அடுத்து வந்தால் அது பூண்டு. முழுசாக நெய்யில் போடவும் என்றால் கிராம்பு. பிரியாணிக் குறிப்பில் இரண்டும் வரும். அங்கே செய்முறையை முதலில் மொழிபெயர்த்துவிட்டு, தேவையான பொருட்கள் பட்டியலுக்கு அப்புறம் வாருங்கள்.