வண்டியை எழுப்பிய ஆப்பச் சோடா

மார்கழிக் காலையில் சாவியைத் திருப்பினால் காரிலிருந்து 'டக் டக்' சத்தம் மட்டும். பேட்டரி செத்துவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மல்டிமீட்டரை வைத்தேன், 12.6 வோல்ட். முழுச் சார்ஜ்! பானெட்டுக்குள் குனிந்தபோதுதான் பாசிட்டிவ் முனையில் உப்புப் பூத்ததுபோல் நீலப்பச்சைப் பொடி அப்பி, மின்சாரத்தை மறித்திருப்பது தெரிந்தது.

முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றினேன். (பாசிட்டிவில் தொடங்கினால், ஸ்பேனர் பாடியில் உரசியதும் தீப்பொறி பறக்கும். ஒருமுறை பட்டிருக்கிறேன்.) வெந்நீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்து, பேட்டரி மூடிகளுக்குள் இறங்காமல் முனைமேல் ஊற்றினேன், புசுபுசுவென்று நுரைத்தது. பழைய டூத் பிரஷால் தேய்த்து, கிளாம்பின் உட்புறத்தை உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை உரசினேன். ஈரம் போகத் துடைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்கி, மேலே வாசலின் தடவினேன்.

அரைத் திருப்பில் எஞ்சின் உறுமியது. செலவு, சோடா டப்பாவுக்காகச் சமையலறையில் வாங்கிய திட்டு மட்டும்.